அப்பா சொன்ன சாட்சி

வீடு
ஞாயிறு, காலை

அன்பு மகனுக்கு,

நாங்கள் இருவரும் இங்கே நலமாகவே இருக்கிறோம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, தைரியமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நேற்று போனில் நீ பேசியதற்கெல்லாம் நான் ‘ம்’ மட்டும் கொட்டினேன். அதை நீ சம்மதமாக எடுத்துக்கொண்டிருப்பாய். அது சம்மதம் இல்லை. எனக்குப் போனில் பேச்சு வராது என்பது உனக்குத் தெரியும். சொல்ல வேண்டியது தொண்டை வரை வரும், அதற்குள் எதிர்ப்பக்கம் போனை வைத்துவிடுவார்கள். எழுதினால்தான் எனக்கு வரிசையாக வரும். அதனால் முதலில் வீட்டுச் செய்தி, பிறகு விசாரணை விஷயம், கடைசியில் நான் வருவதைப் பற்றி.

அம்மாவின் இடது முட்டி அப்படியேதான் இருக்கிறது. அறுவை சிகிச்சை செய்துவிட்டால் நல்லது என்று டாக்டர் மறுபடியும் சொன்னார். தள்ளிப்போடாதே என்று நான் சொன்னால் அவள் கேட்கிறாளா? “அவன் தேசிய அணிச் சட்டையைப் போட்டுக்கிட்டு இந்த வாசல்ல வந்து நிக்கட்டும், அப்புறம் எந்த முட்டியை வேணும்னாலும் வெட்டிக்குங்க” என்கிறாள். அதற்கான பணத்தை அவள் தனியாகச் சேர்த்து வைத்திருப்பதால் அவள் சொல்வதுதான் சட்டம். அக்காவும் அத்தானும் போன வாரம் வந்து போனார்கள். மாடிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. சரிசெய்ய வந்தவர் பார்த்துவிட்டு, “இது குழாய் இல்ல சார், குழாயோட தாத்தா” என்று சொல்லிவிட்டுப் போனவர்தான், திரும்பி வரவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் பயிற்சியாளர் என்னிடம் நிதானமாக எல்லாவற்றையும் விளக்கினார். பந்தயம் நடத்துகிற ஒருவன் பிடிபட்டிருக்கிறான். அவன் போனில் சில குறுஞ்செய்திகள் இருந்திருக்கின்றன. இந்தப் பருவத்தில் உங்கள் கல்லூரி வாலிபால் அணி ஆடிய நான்கு ஆட்டங்களில், எந்தச் செட்டில் எந்த சர்வீஸ் நெட்டில் விழும் என்று ஆட்டத்துக்கு முன்பே அவற்றில் எழுதியிருந்ததாம். அந்த நான்கும் நீ போட்ட சர்வீஸ்கள். நான்கும் நெட்டில்தான் விழுந்திருக்கின்றன. ஆனால் செய்தியில் உன் பெயர் இல்லை. அந்த ஆளும் உன் பெயரைச் சொல்லவில்லை. “சர்வீஸ் தப்புறது எல்லாருக்கும் நடக்கிறதுதான் சார். இதை மட்டும் வெச்சுக்கிட்டு ஒரு பையனைத் தூக்கிட முடியாது. விசாரணைக் குழு ரெண்டு கேள்வி கேக்கும், விட்டுடும்” என்று அவர் தைரியம் சொன்னார். விசாரணை முடியும்வரை தேசிய அணி முகாமில் உன் இடம் அப்படியே இருக்குமாம். தீர்ப்பு மாறிப்போனால் முகாமும் போகும், உதவித்தொகையும் போகும், கல்லூரியும் போகும் என்றும் அவர் சொன்னார்.

அவர்கள் உன்னைச் சந்தேகப்படுவது ஏன் என்று எனக்குப் புரியாமல் இல்லை. போன வருடம் விடுதிப் பையன்களோடு சேர்ந்து வெளிநாட்டுக் கால்பந்து ஆட்டங்களின் மேல் நீ போனில் பந்தயம் கட்டியதும், அது கையை மீறிப் போனதும், நீ அம்மாவின் மடியில் தலையை வைத்து அழுததும் எனக்கு நினைவிருக்கிறது. அதை அன்றே தீர்த்துவிட்டோம். என் கண் முன்னால்தான் அந்தப் பந்தய ஆப்பைப் போனிலிருந்து நீ நீக்கினாய். ஒரு தடவை காய்ச்சல் வந்தவன் தும்மினால்கூட வீட்டில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள் இல்லையா, அதுபோலத்தான் இது என்று எடுத்துக்கொள்கிறேன்.

பெற்றோர் விரும்பினால் வந்து பேசலாம் என்று குழு சொல்லியிருக்கிறதாம். “நீங்க வரவேணாம்பா, வந்தா உங்களுக்குத்தான் சிரமம்” என்று நீ திரும்பத் திரும்பச் சொன்னாய். என் கூச்சத்தை நினைத்துத்தான் சொல்கிறாய் என்று தெரியும். ஆனாலும் வருகிறேன்.

காரணம் இருக்கிறது. அத்தான் உங்கள் கல்லூரிச் சேனலிலிருந்து இந்தப் பருவத்து ஆட்டங்கள் அத்தனையையும் எடுத்து நம் வீட்டு டிவியில் போட்டுக் கொடுத்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். முதல் ஆட்டத்தில் அம்மாவும் உடன் இருந்தாள். நீ புள்ளி எடுத்தால் கைதட்டினாள், எதிரணி எடுத்தால் அந்தப் பையன்களைத் திட்டினாள், பிறகு தூங்கிவிட்டாள். மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் இத்தனை வருடம் நுண்ணோக்கியில் குனிந்து பார்த்த கண் இது. ஆயிரம் உயிரணுக்களுக்கு நடுவே மாறி நிற்கிற ஒன்றைத் தேடுவதைத் தவிர வேறு எதையும் நான் பெரிதாகக் கற்றுக்கொள்ளவில்லை. அந்த நான்கு சர்வீஸ்களிலும் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறேன். அப்போது உன் உடம்பு சரியாக இல்லை என்பதற்கு அது போதும் என்று நினைக்கிறேன். தவறாகவும் இருக்கலாம். ஆனால் ஒருதடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

அது என்னவென்று இதில் எழுதவில்லை. உனக்கு வருகிற கடிதங்களை உன் அறைத் தோழனும் அணித் தோழனுமான கொக்கு உனக்கு முன்பே படித்துவிடுகிறான். போன தடவை, “சார், ரெண்டாம் பக்கத்துல ஒரு கால்புள்ளி விட்டுப்போச்சு” என்று எனக்குப் பதில் எழுதியவன் அவன்தானே. நேரில், குழுவின் முன்னாலேயே சொல்கிறேன்.

கண்ணாடி முன் நின்று பேசிப் பழகிக்கொண்டிருக்கிறேன். அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “பொண்ணு கல்யாணத்துல மைக்கைக் கையில குடுத்தா ‘மைக் வேலை செய்யுதா’ன்னு கேட்டுட்டு உக்காந்தவரு, இப்ப குழுவுல பேசப் போறாராம்” என்கிறாள். பேசிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன்.

மனதைத் தளரவிடாதே. உன் நல்ல குணமும் உழைப்பும் உனக்குத் துணை இருக்கும்.

உன் மேல் முழு நம்பிக்கையுடன்,
அப்பா


வீடு
வியாழன், மாலை

அன்பு மகனுக்கு,

விடுதி அறையை நீ காலி செய்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். இந்தக் கடிதத்தைக் கொக்குவின் பேருக்கு அனுப்புகிறேன். அவன் படித்தாலும் பரவாயில்லை. உன்னிடம் எப்படியாவது சேர்த்துவிடுவான்.

தீர்ப்பின் நகல் நேற்று இங்கேயும் வந்தது. ஆறு வருடத் தடை. உனக்கு இப்போது இருபத்தொன்று. கணக்குப் போட எனக்குக் கை வரவில்லை. வாலிபாலில் இருபத்தேழு வயதில் ஒருவன் புதிதாக ஆரம்பிக்க முடியுமா என்று உன் பயிற்சியாளரிடம் கேட்டேன். அவர் அம்மாவின் முட்டி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

அந்த அறையில் நடந்ததை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, நீ என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாய். ஆனால் நான் எந்த மனதோடு அங்கே எழுந்து நின்றேன் என்பது உனக்குத் தெரியாது. அதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

உன்னிடம் அவர்கள் கேட்டதும் நீ பதில் சொன்னதும் கொஞ்ச நேரத்திலேயே முடிந்துவிட்டன. நடுவில் அமர்ந்திருந்த தலைவி விசாரணைக் கோப்பை மூடி வைத்துவிட்டார். ஓரத்தில் இருந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உன் பயிற்சியாளர் என் பக்கம் திரும்பி லேசாகத் தலையசைத்தார், ‘முடிந்தது, கவலை இல்லை’ என்பதுபோல. அப்போது தலைவி மரியாதைக்காக, “அப்பா ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்டார். நீ என் முழங்கையைத் தொட்டாய். ‘பயப்படாமல் பேசுங்கள்’ என்று சொல்வதாக நான் நினைத்துக்கொண்டேன்.

எழுந்தேன். ஆச்சரியம், நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லை. திரையில் அந்த நான்கு சர்வீஸ்களையும் ஒவ்வொன்றாகப் போடச் சொன்னேன். பள்ளியில் படிக்கும் நாளிலிருந்து என் மகனுக்கு உள்ளங்கை வியர்க்கும் என்றேன். ஆட்டச் சட்டைத் துணி வியர்வையை உறிஞ்சாது என்பதால் அவன் அம்மா ஒவ்வொரு சட்டையிலும் இடது தோளில் ஒரு பருத்தித் துணியை வைத்துத் தைத்துக் கொடுப்பாள், சர்வீஸ் போடுவதற்கு முன் அவன் வலது கையை அதில் துடைத்துக்கொள்வான், அது அவனுக்கே தெரியாமல் நடக்கிற பழக்கம், மூச்சு விடுவதைப்போல என்றேன். இந்த நான்கு தடவை மட்டும் அவன் துடைக்கவில்லை, பாருங்கள் என்று காட்டினேன். ஆகவே அன்று தோளிலோ கையிலோ அவனுக்கு வலி இருந்திருக்க வேண்டும், வலியால்தான் பந்து நெட்டில் விழுந்திருக்கிறது, இதைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது என்று முடித்தேன். உனக்காகப் பேசிவிட்டேன் என்று அந்த நிமிடத்தில் எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

தலைவி மூடிய கோப்பை மறுபடியும் திறந்தார். குரலை உயர்த்தாமல், ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார். “மத்த சர்வீஸ்ல எல்லாம் துடைச்சிருக்காரா சார்?”

ஆமாம், எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன் என்றேன்.

“தப்பிப்போன மத்த சர்வீஸ்லயும்?”

அவற்றிலும் துடைத்திருக்கிறான் மேடம், இரண்டு தடவை சரிபார்த்தேன் என்றேன்.

“அப்ப இந்த நாலுல மட்டும்தான்.”

ஆமாம் என்றேன். அவர் எழுதினார். ஓரத்தில் இருந்தவர் கடிகாரத்தை விட்டுவிட்டு உன்னைப் பார்த்தார். உன் பயிற்சியாளர் தலையைக் குனிந்துகொண்டார். நாற்காலியில் உட்கார நான் குனிந்தபோதுதான் எனக்கு உறைத்தது. பந்தை உள்ளே போடப் போகிறவனுக்குத்தான் கை காய்ந்திருக்க வேண்டும். நெட்டில் போடப் போகிறவன் எதற்குத் துடைக்கிறான்?

பேருந்து நிலையத்துக்கு நடக்கும்போது நீ என்னைத் திட்டுவாய் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம். நீ என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாய், எனக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாய். வண்டி கிளம்பும்போது ஜன்னல் வழியாக, “நல்லா பேசினீங்கப்பா. முதல் தடவையா திக்காம பேசினீங்க” என்றாய். அன்றிலிருந்து அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். குத்தலாகச் சொன்னாயா, உண்மையாகவே சொன்னாயா என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டில் எது தேவலை என்றும் தெரியவில்லை.

அம்மாவுக்கு இது தெரியாது. ஏதோ ஒரு கேமரா காட்டிக்கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். “பாழாப்போன கேமராக்காரன், அவன் வீட்டுல பிள்ளைங்க இல்லையா” என்று காலையில் ஒரு தடவையாவது திட்டிவிடுகிறாள். நான் தலையாட்டுகிறேன். அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவள் அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்பா, உங்களுக்கு நிஜமாவே தெரியாதா?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். ஆய்வுக்கூடத்தில் என்னை ‘எதுக்கும் இன்னொருவாட்டி’ என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவார்கள். எந்த முடிவையும் மறுபடி பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். ஒரு கண்ணாடித் தகட்டில் கெட்ட உயிரணு ஒன்றைப் பார்த்துவிட்டால், அது எதனால் வந்திருக்கும் என்று ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்களை எழுதிப் பார்க்கிறவன் நான். உன் விஷயத்தில் மட்டும் வலி என்கிற ஒரே காரணத்தோடு ஏன் நிறுத்திக்கொண்டேன்? அப்பா என்பதால் கண் மறைத்துவிட்டதா? அல்லது உள்ளே எங்கேயோ தெரிந்திருந்து, யாராவது உன்னைத் தடுத்து நிறுத்தட்டும் என்றுதான் அவ்வளவு தெளிவாகப் பேசினேனா? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் ஒரு பக்கமாவது நின்று அழலாம்.

உன்னிடம் நான் ‘ஏன்’ என்று கேட்கவில்லை. கொக்கு சொன்னான். நீ அந்த ஆப்பை எங்கள் முன்னால் நீக்கிவிட்டு, கல்லூரிக்குத் திரும்பும் பேருந்திலேயே போனில் மறுபடி ஏற்றிவிட்டாயாம். கட்டிய பணம் போனதும், அதைப் பிடிக்கக் கடன் வாங்கி மறுபடி கட்டியிருக்கிறாய். கடன் கொடுத்தவன் கடைசியில் பணம் கேட்கவில்லை, ஒரு சர்வீஸைத்தான் கேட்டான். “ஒரு பந்துதானே, மேட்ச்சா தோக்கப்போறோம்” என்று நீ கொக்குவிடம் சொன்னாயாம். நீங்கள் அந்த நான்கு ஆட்டங்களிலும் ஜெயித்ததைப் பார்த்துத்தான் நானும் சந்தேகப்படாமல் இருந்தேன்.

இப்போது முக்கியமான விஷயம். குழுத் தலைவி உன் பயிற்சியாளரைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். சூதாட்டப் பழக்கத்துக்குச் சிகிச்சை தருகிற மையம் ஒன்று உன் கல்லூரி இருக்கிற ஊரிலேயே இருக்கிறதாம். நீ அதில் சேர்ந்து, நடந்ததை உன் வாயால் குழுவின் முன் சொல்லிவிட்டால் தடையைப் பாதியாகக் குறைக்க விதி இடம் தருகிறது. ஒரு வருடத்துக்குள் செய்ய வேண்டும். மூன்று வருடம் என்றால் இருபத்து நான்கு. உன் பயிற்சியாளர் இந்தத் தடவை பேச்சை மாற்றவில்லை. “கஷ்டம்தான், ஆனா முடியும் சார்” என்றார். மையத்துக்கு நானும் உன்னோடு வருகிறேன். வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே வந்து எதுவும் பேச மாட்டேன், அதற்கு நான் பொறுப்பு.

போனை எடு. எடுக்க மனமில்லை என்றால் கொக்குவிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு. என் மேல் இருக்கிற கோபத்தை உன் மேல் காட்டிக்கொள்ளாதே.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
அப்பா


வீடு
திங்கள்

அன்பு மகனுக்கு,

ஏறக்குறைய ஒரு வருடமாக நான் எழுதிய கடிதங்களுக்கு நீ பதில் போடவில்லை. ஆனால் அவை உனக்குக் கிடைத்தன என்று கொக்கு சொன்னான். இதையும் அவன் பேருக்கே அனுப்புகிறேன். எழுதுவதை வரிசைப்படுத்திக்கொள்ள இந்தத் தடவை என்னால் முடியவில்லை, முன்னும் பின்னுமாக இருந்தால் பொறுத்துக்கொள்.

கொக்கு முகாமிலிருந்து விடுமுறையில் வந்தவன் நம் வீட்டுக்கும் வந்திருந்தான். உனக்கென்று வைத்திருந்த இடத்தில்தான் அவனை எடுத்திருக்கிறார்கள். அதைச் சொல்லவே கூச்சப்பட்டான். வாசலில் தலையை இடித்துக்கொண்டு, “உங்க வீடு எங்களை மாதிரி ஆளுங்களுக்குக் கட்டலை சார்” என்று சிரித்தான். அம்மா அவனை நிற்க வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் போட்டிருந்தது தேசிய அணிச் சட்டை. துணியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

அவள் போன பிறகு அவன் மெல்ல எல்லாவற்றையும் சொன்னான். நீ வேறு பெயரில், தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு, ஆலை மைதானங்களில் நடக்கிற போட்டிகளில் ஆடுகிறாயாம். அந்தப் போட்டிகளை நடத்துகிறவர்களே அதன் மேல் பந்தயமும் நடத்துகிறவர்களாம். உன் கடன் தீரவில்லை. அதற்குப் பதிலாக ஆடுகிறாய். ஜெயிக்கச் சொன்னால் ஜெயிக்கிறாய், தோற்கச் சொன்னால் தோற்கிறாய். கையில் கொஞ்சம் வந்தால் அன்றைக்கே அதையும் கட்டிவிடுகிறாய். “முன்னாடி அவன் கேம் மேல கட்டினான் சார். இப்ப எல்லாரும் அவன் மேல கட்டுறாங்க” என்றான் கொக்கு. வேடிக்கையாகச் சொல்ல நினைத்துத்தான் ஆரம்பித்தான், முடிக்கும்போது அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

நான் நம்பவில்லை. அல்லது, எதுக்கும் இன்னொருவாட்டி பார்க்கலாம் என்று நினைத்தேன். ஒரு ஞாயிறு மதியம் அவன் சொன்ன இரும்பாலை மைதானத்துக்குப் போனேன். அம்மாவிடம் பழைய நண்பர் ஒருவரைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன். கூட்டத்துக்குப் பின்னால், சைக்கிள்கள் நிறுத்தியிருந்த இடத்தில் நின்றுகொண்டேன். நீ என்னைப் பார்க்கவில்லை. இளைத்திருக்கிறாய். ஆனால் நீ எழும்பும்போது கூட்டமே ஒரு நொடி மூச்சை நிறுத்துகிறதே, அது அப்படியே இருக்கிறது. நீ சர்வீஸ் போட வந்தபோதெல்லாம் நான் தலையைக் குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டேன். பார்க்காமல் இருந்தால் தெரியாமல் இருக்கலாம் என்று ஒரு அற்ப ஆசை. என் பக்கத்தில் நின்ற ஆலைத் தொழிலாளி ஒருவர் தன் கூட்டாளியிடம் சொன்னார்: “அந்தத் தொப்பிக்காரனைப் பாரு. என்னமா ஆடுறான்! சொல்லி வெச்சா இதைவிட அழகாத் தோப்பான்.” கூட்டாளி சிரித்தார். ஆட்டம் முடியும் முன்பே கிளம்பிவிட்டேன்.

நான் பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. அது உனக்குத் தெரிய வேண்டும். வாலிபால் சங்கத்துக்குத் தகவல் போனது என் மூலமாக இல்லை. யாரோ ஒருவர் போனில் எடுத்த வீடியோ கைமாறிக் கைமாறி அவர்களிடம் போயிருக்கிறது. போன வாரம் அவர்கள் கடிதம் வந்தது. உனக்கு வேறு முகவரி இல்லாததால் இங்கேதான் அனுப்பியிருக்கிறார்கள். ஆயுள் தடை. இனிக் குறைக்கச் சொல்லிக் கேட்கவும் முடியாது. அவர்கள் கொடுத்த ஒரு வருடத்தில் இன்னும் கொஞ்ச நாள் பாக்கி இருந்தது. காலண்டரில் அந்தத் தேதியை நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். பயிற்சியாளரைக் கூப்பிட்டேன். “விட்டுடுங்க சார், இனிமே பையனை மட்டும் பாருங்க, ஆட்டக்காரனை மறந்துடுங்க” என்றார். இவ்வளவு நாள் உனக்காகப் பேசியவர் அவர். அவரும் ஓய்ந்துவிட்டார்.

இனி எழுதுவது எனக்குக் கஷ்டமானது. நான் உயிர்ச்சான்று கொடுக்க ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போயிருந்த அன்று நீ வீட்டுக்கு வந்திருக்கிறாய். ஒரு பள்ளிக்கூடத்தில் பயிற்சியாளர் வேலை கிடைத்துவிட்டதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். தங்க அறை பிடிக்க முன்பணம் வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். நான் திரும்பி வந்தபோது அவள் முகம் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. ஒரு வருடமாக அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. “பசங்களுக்குச் சொல்லிக்குடுக்கப் போறானாம். பெரிய ஆளாகலைன்னா என்ன, நாலு பேரை பெரிய ஆளாக்கட்டும்” என்றாள். முட்டிக்காகச் சேர்த்ததைக் கொடுத்துவிட்டேன் என்று கடைசியில், ஏதோ கடைக்குப் போய் வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். “இத்தனை நாள் பொறுத்த முட்டி, இன்னும் ஒரு வருஷம் பொறுக்காதா?”

அது பொய் என்று எனக்குத் தெரியும். கொக்கு சொல்லி, என் கண்ணாலும் பார்த்தாகிவிட்டது. அவளிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த அறை ஞாபகத்துக்கு வந்தது. தலைவி கோப்பைத் திறந்தது, நீ என் முழங்கையைத் தொட்டது. வாயை மூடிக்கொண்டேன். அன்று பேசிக் கெடுத்தேன், இன்று பேசாமல் கெடுக்கிறேன். எது சரி என்று சொல்லித் தர எனக்கு ஆள் இல்லை. இந்த வயதில் யாரிடம் போய்க் கேட்பது?

மாடிப்படியில் அவள் இப்போது நின்று இறங்குவதில்லை. உட்கார்ந்து, ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்குகிறாள். நான் கை கொடுத்தால், “எனக்கு ஒண்ணுமில்ல, நீங்க உங்க பேப்பரைப் படிங்க” என்கிறாள். உனக்குக் குற்ற உணர்ச்சி வரட்டும் என்று இதை எழுதவில்லை. எழுதிய பிறகு பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. அடித்துவிடலாமா என்று யோசித்தேன். நடப்பது நடக்கிறபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவள் தினமும் எந்தப் பள்ளி என்று கேட்கிறாள். நீ சொல்லாமல் போய்விட்டாயாம். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியின் பெயரைச் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் கேட்டால் அதையே சொல். பொய்யில் இருவரும் ஒத்துப்போக வேண்டும் இல்லையா. என் வாழ்க்கையில் நான் எழுதிக் கொடுத்த எந்த முடிவிலும் பொய் இருந்ததில்லை.

விளையாட்டைப் பற்றி இனி உன்னிடம் ஒன்றும் கேட்க மாட்டேன். கடனைப் பற்றியும் கேட்க மாட்டேன். சிகிச்சை மையத்தின் கதவு தடைக்காக மட்டும் திறந்ததில்லை, தடை போனாலும் போகாவிட்டாலும் அது திறந்துதான் இருக்கிறது என்று அவர்கள் போனில் சொன்னார்கள். அதையும் ஒரு தடவை எழுதிவிட்டேன், இனி எழுத மாட்டேன். நீ போவாய் என்று எனக்குத் தோன்றவில்லை. இப்படி எழுதுவது ஒரு அப்பாவுக்கு அழகில்லை, ஆனால் உன்னிடம் இனி அலங்காரமாக எழுதி என்ன ஆகப்போகிறது?

கேட்பது ஒன்றே ஒன்று. நான் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் நீ வந்தாய். ஓய்வூதிய அலுவலகத்துக்கு நான் என்று போவேன் என்பது உனக்கு நினைவிருக்கிறது. என்னைப் பார்க்க உனக்கு முடியவில்லை என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த அலுவலகத்துக்கு நான் வருடத்தில் ஒரு நாள்தான் போகிறேன். அம்மா உன்னைப் பார்க்க வருடத்தில் ஒரு நாள் போதாது.

அதனால் இனி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மதியச் சாப்பாடு முடிந்ததும் நான் நூலகத்துக்குப் போய்விடுவேன். இருட்டும்வரை வர மாட்டேன். நூலகம் மூடியிருந்தாலும் வேறு எங்காவது உட்கார்ந்துகொள்வேன். பின்கதவைத் தாழ் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், அவள் எழுந்து வந்து திறக்கச் சிரமப்படுவாள். வீட்டில் பணம் எதுவும் இல்லை. அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அவளோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போ. நீ வந்தாயா என்று நான் அவளிடம் கேட்க மாட்டேன். தெருமுனையில் நின்று பார்க்கவும் மாட்டேன்.

எங்கே இருந்தாலும் உடம்பைப் பார்த்துக்கொள். நன்றாக இரு.

வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் இல்லாத,
அப்பா